நாய்க்கு காது பிரச்சினை திரும்பத் திரும்ப வருதா? எதுக்கு அப்புறம் எது செய்யணும்னு முழுசா ஒரு வழிகாட்டி

செங்கோட்டை, புளியரை, பண்பொழி சுத்துப்பட்டுல நாய் வளக்குறவங்க கிட்ட சாரல் ஆரம்பிச்சதும் கேக்குற முதல் கேள்வி இதுதான். "போன தடவை சொட்டு மருந்து விட்டேன், சரியாச்சு, இப்ப திரும்பவும் காதுல நாத்தம், தலைய உதறிக்கிட்டே இருக்கு, வேற நல்ல மருந்து சொல்லுங்க." பெரும்பாலும் மருந்துல குறை இருக்காது. எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் செய்யணும்ங்கிற வரிசைலதான் தப்பு நடந்திருக்கும். அதனால இங்க மருந்து லிஸ்ட் கிடையாது, வரிசைதான் எழுதுறேன். மருந்து எதுன்னு காதைப் பாத்த டாக்டர்தான் சொல்லணும்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கிட்டு படிங்க. காதுல வர்ற பூஞ்சையும் பாக்டீரியாவும் ரெண்டாவதா வந்து ஒட்டிக்கிட்டது. அதுக்கு முன்னாடியே ஏதோ ஒண்ணு அந்தக் காதை புண்ணாக்கி ஈரமாக்கி வச்சிருக்கு. சொட்டு மருந்து ரெண்டாவதைத்தான் கொல்லும். முதலாவதை விட்டுட்டா அது திரும்ப வரத்தான் செய்யும்.

1. உடனே கிளம்ப வேண்டிய நிலைமையா இல்லையான்னு பாருங்க

தலை ஒரு பக்கமா சாஞ்சே இருக்கு, நடக்கும்போது தள்ளாடுது, வட்டம் சுத்துது, கண்ணுமணி இங்கயும் அங்கயும் ஆடிக்கிட்டே இருக்கு, ஒரு பக்க உதடோ இமையோ தொங்கிருச்சு, வாயைத் திறந்தா வலியில கத்துது. இதுல ஒண்ணு இருந்தாலும் நோய் காது ஜவ்வைத் தாண்டி உள்ள போயிருக்க வாய்ப்பு இருக்கு. வீட்ல எதையும் ஊத்தாதீங்க, இந்தப் பதிவை மூடிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க.

காது மடல் திடீர்னு உப்பி, தொட்டா மெத்துனு இருந்தா அது உதறி உதறி உள்ள ரத்தம் கட்டுனது. ஊசியால குத்தி எடுத்துரலாம்னு சிலபேர் சொல்லுவாங்க, வேண்டாம். கிருமி உள்ள போகும், திரும்பவும் ரத்தம் நிறையும். டாக்டர் அதை வடிச்சு கட்டுப்போட்டு, கூடவே உதறலுக்குக் காரணமான காதையும் பாக்கணும்.

2. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

பஞ்சு உருண்டை இல்லன்னா காஸ் துணி, டாக்டர் சொன்ன காது கழுவுற லோஷன், ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சு, பழைய துண்டு, டார்ச், கழுத்துல மாட்டுற கோன், ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

கூட ஒரு ஆளும் வேணும். காது வலிக்கிற நாய் எவ்வளவு சாதுவா இருந்தாலும் கடிக்கும், அது அதோட குணத்துல உள்ள கோளாறு இல்ல, வலி. வெறிநாய்க்கடி தடுப்பூசி தேதி தாண்டியிருந்தா முதல்ல அதைப் போட்டுருங்க. அப்படியும் பல்லு பட்டுருச்சுன்னா 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி.

காது குடையிற பட்ஸை எடுத்து அலமாரில வச்சுருங்க, அது வேண்டாம். அது ஏன்னு 6-ல சொல்றேன்.

3. காதைப் பாத்து எழுதி வைங்க

டாக்டர் நாயைப் பாக்கப் போறது கொஞ்ச நேரம்தான், நீங்க தினமும் பாக்குறீங்க. அதனால நீங்க எழுதிக் கொண்டு போறது பாதி வைத்தியம். எழுத வேண்டியது இது: ஒரு காதா ரெண்டு காதா, எந்த மாசம் ஆரம்பிச்சுது, வெளிய வர்றது என்ன கலர், என்ன நாத்தம், இதுக்கு முன்னாடி என்ன மருந்து எத்தனை நாள் விட்டீங்க, பாதம் நக்குதா, வயிறு, அக்குள், வாயைச் சுத்தி சிவந்திருக்கா, என்ன சாப்பிடுது.

ஒரு காது மட்டும்னா உள்ள ஏதோ போயிருக்கலாம். நம்ம பக்கம் தோப்பு, ரப்பர் எஸ்டேட் ஓரம்னு ஓடுற நாய்களுக்கு நாயுருவி, ஊசிப்புல்லு விதை உள்ள சிக்கிக்கும், உண்ணி உள்ளயே உக்காந்திருக்கும், வயசான நாய்னா கட்டியாக்கூட இருக்கலாம். ரெண்டு காதும் வருது, கூடவே பாதத்தை நக்குதுன்னா அலர்ஜி மேலதான் எனக்கு முதல் சந்தேகம் போகும்.

கலரை வச்சு நோயை முடிவு பண்ணிறாதீங்க. பழுப்பா, எண்ணெய்ப்பசையா, புளிச்ச வாடையோட இருந்தா பூஞ்சையா இருக்கலாம். மஞ்சளா பச்சையா சீழ் வந்து, வலி தாங்காம இருந்தா பாக்டீரியாவா இருக்கலாம். கறுப்பா காப்பித்தூள் கணக்கா உதிர்ந்தா காதுப் பூச்சியா இருக்கலாம். எல்லாமே "கலாம்" தான், ஏன்னா பாதி நேரம் ரெண்டு மூணு சேந்துதான் இருக்கும்.

முக்கியமா பழைய மருந்து பாட்டில், சீட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. கேரளா எல்லைல இருக்கறதால நமக்கு ஒரு பழக்கம், ஒரு தடவை தென்காசில காட்டுவோம், அடுத்த தடவை புனலூர்ல காட்டுவோம், இவருக்கு அவர் என்ன குடுத்தார்னு தெரியாது, ரெண்டு பேரும் ஒரே வகை ஆன்டிபயாடிக்கை வேற வேற பேர்ல குடுத்திருப்பாங்க. அந்த போட்டோ இருந்தா இது நடக்காது.

4. டாக்டர்ட்ட போறதுக்கு முன்னாடி கழுவாதீங்க

புதுசா வர்ற பத்துல எட்டு பேர் இங்க சறுக்குறாங்கன்னே சொல்லுவேன். அழுக்கு காதோட கூட்டிட்டுப் போனா அசிங்கமா இருக்குமேன்னு காலையில நல்லா கழுவி துடைச்சு, வீட்ல கிடந்த சொட்டையும் விட்டுட்டு போவாங்க. டாக்டர் பாக்க வேண்டியதே அந்த அழுக்கைத்தான். ரெண்டு மூணு நாளைக்கு எதுவும் ஊத்தாம, துடைக்காம அப்படியே கொண்டு போங்க. ஏற்கனவே ஒருத்தர் குடுத்த மருந்து ஓடிக்கிட்டு இருந்தா மட்டும் நீங்களா நிறுத்தாம போன் பண்ணி கேட்டுக்கோங்க.

மயக்கம் குடுத்து உள்ள பாக்க வேண்டி வரலாம், அதனால வெறும் வயித்துல கூட்டிட்டு வரணுமான்னும் அந்த போன்லயே கேட்டுருங்க.

5. ஆஸ்பத்திரில கேட்டு வாங்க வேண்டியது

கருவி வச்சு காதுக்குள்ள பாக்குறது முதல்ல. காது ஜவ்வு முழுசா இருக்கா, கிழிஞ்சிருக்கான்னு தெரியணும். கிழிஞ்ச ஜவ்வு வழியா சில மருந்து, உதாரணமா ஜென்டாமைசின், குளோர்ஹெக்ஸிடின் எல்லாம் உள்காதுக்குப் போனா காது கேக்காமப் போகலாம், பேலன்ஸும் போகலாம். அதனாலதான் பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதுன பாட்டிலை வாங்கி விடக்கூடாதுன்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

அடுத்தது, உள்ள இருக்குற அழுக்கை பஞ்சுக் குச்சில எடுத்து கண்ணாடில தேய்ச்சு சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாக்குறது. சின்ன வேலைதான், ஆனா இதுதான் முழு வைத்தியத்துக்கும் அடித்தளம். மலாசீசியாங்கிற பூஞ்சையா, உருண்டை பாக்டீரியாவா, கம்பி வடிவ பாக்டீரியாவான்னு அப்பவே தெரிஞ்சுரும். ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. ரெண்டு காதுலயும் தனித்தனியா எடுக்கச் சொல்லுங்க, ஒரே நாய்க்கு வலது காதுல ஒண்ணு இடது காதுல ஒண்ணு இருக்கறது சாதாரணம்.

கம்பி வடிவ பாக்டீரியா தெரிஞ்சாலோ, சரியான மருந்து விட்டும் குறையலைன்னாலோ கல்ச்சர் டெஸ்ட் (கிருமியை லேப்ல வளத்து எந்த மருந்துக்கு சாகும்னு பாக்குறது) அனுப்பச் சொல்லுங்க. சூடோமோனாஸ்னு ஒண்ணு இருக்கு, பல ஆன்டிபயாடிக்குக்கும் மசியாது, அதை குருட்டாம்போக்குல அடிச்சா இன்னும் முரடாகும்.

உள்ளூர் கால்நடை மருந்தகத்துல ஆடு மாடு கூட்டத்துக்கு நடுவுல இந்த வசதி இல்லாம இருக்கலாம், அது டாக்டரோட தப்பு இல்ல. நம்ம பக்கத்துக்கு திருநெல்வேலி ராமையன்பட்டில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, நாள்பட்ட காதுன்னா நேரா அங்க கூட்டிட்டுப் போறது நல்லது.

காது ஓட்டை வீங்கி அடைச்சுப்போய் உள்ள பாக்கவே முடியலைன்னா முதல்ல வீக்கம் வத்துறதுக்கு ஸ்டீராய்டு மாத்திரை குடுப்பாங்க. பயப்படாதீங்க, மூடின ஓட்டைக்குள்ள சொட்டு மருந்து எப்படி இறங்கும்? ஆனா அந்த மாத்திரையை நீங்களா ஆரம்பிக்கவும் கூடாது, திடீர்னு நிறுத்தவும் கூடாது. அழுக்கு இறுகிப் போயிருந்தா மயக்கம் குடுத்து கழுவுறதுதான் ஒரே வழி. அதுக்கு சம்மதிங்க, வீட்ல மாசக்கணக்கா போராடுறதைவிட நாய்க்கு அது வேதனை கம்மி.

6. வீட்ல காது கழுவுற முறை

நாயோட காதுக் குழாய் நம்மளது மாதிரி நேரா போகாது. "ட" எழுத்தை நினைச்சுக்கோங்க, மேல இருந்து கீழ இறங்கி அப்புறம் உள்பக்கமா திரும்பும். பட்ஸ் விட்டா அழுக்கை அந்த மடக்குல கொண்டுபோய் இடிச்சு வைக்கத்தான் செய்யும், வெளிய வராது. பஞ்சு கழண்டு உள்ளயே தங்குன கேஸும் உண்டு.

முதல்ல லோஷன் பாட்டிலை கொஞ்ச நேரம் உள்ளங்கைல வச்சு சூடு ஏத்துங்க. ஜில்லுனு உள்ள போனா நாய் மிரளும், தலை சுத்தும், மறுநாள் பாட்டிலைப் பாத்தாலே கட்டிலுக்கு அடியில போயிரும். மடலை மேல தூக்கிப் பிடிச்சா குழாய் கொஞ்சம் நேராகும். பாட்டில் முனை காதைத் தொடாம லோஷனை ஊத்துங்க, குழாய் நிறைஞ்சு மேல தெரியுற அளவுக்கு. பயந்து ரெண்டு சொட்டு விட்டா மடக்கு வரைக்கும் போகாது.

அப்புறம் காதுக்கு அடியில, தாடை சேர்ற இடத்துல ரெண்டு விரலால மெதுவா அரை நிமிஷம் பிசையுங்க. சளக் சளக்னு சத்தம் கேக்கணும். அந்த சத்தம் கேட்டாத்தான் லோஷன் அடியில போய் அழுக்கை இளக்குதுன்னு அர்த்தம். பிசையும்போது வலியில கத்துச்சுன்னா நிறுத்திருங்க, அந்தக் காது வீட்ல கழுவுற நிலையில இல்ல.

கையை எடுத்ததும் நாய் தலையை உதறும், உதற விடுங்க (துண்டை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கோங்க, செவுரெல்லாம் தெறிக்கும்). உதறும்போதுதான் அடி அழுக்கு மேல வருது. அப்புறம் பஞ்சை விரல்ல சுத்தி, விரல் தானா எவ்வளவு போகுதோ அவ்வளவு மட்டும் துடைங்க. பஞ்சுல வர்ற அழுக்கு கம்மியாகுற வரைக்கும் இன்னொரு தடவை செய்யலாம். ரெண்டு காதுக்கும் வேற வேற பஞ்சு.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை? நோய் இருக்கும்போது டாக்டர் சொல்ற கணக்கு. சில மருந்து ஜெல்லா காதுக்குள்ளயே வாரக்கணக்குல தங்குற மாதிரி வரும், அதை விட்ட பிறகு கழுவவே கூடாது, கேட்டுக்கோங்க. சரியான பிறகு வாரம் ஒரு தடவை, இல்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். தினமும் கழுவுனா தோல் ஊறி, நொந்து, அதுவே புதுசா நோயைக் கூப்பிடும்.

ஊத்தக்கூடாதது: பூண்டு போட்டு காய்ச்சுன நல்லெண்ணெய், தேங்காண்ணெய், வேப்பெண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால், மனுஷங்க காது மருந்து. மலாசீசியா எண்ணெய்ப்பசையில நல்லா வளரும், அதுக்கு மேல எண்ணெய் ஊத்துனா அழுக்கும் உள்ள கட்டியாகும். நம்ம பெரியவங்க அன்பாத்தான் சொல்லுவாங்க, ஆனா புண்ணா இருக்குற நாய்க் காதுல வேண்டாம்னு பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. லோஷன் கிடைக்கல, ஜவ்வு நிலவரமும் தெரியலைன்னா மெடிக்கல்ல கிடைக்கிற நார்மல் சலைன் வெதுவெதுப்பா ஊத்தலாம், அது மட்டும்தான்.

7. சொட்டு மருந்து விடும்போது

கழுவுனது முதல்ல, மருந்து அப்புறம். நடுவுல 10, 15 நிமிஷமாவது விடுங்க, டிரிஸ்-ஈடிடிஏன்னு லேபிள்ல இருக்குற லோஷன்னா டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் விடச் சொல்லலாம். அழுக்கு மேல மருந்து விட்டா மருந்து அழுக்குலயே நின்னுரும், அதுபோக சீழ் இருந்தா சில ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது. உடனே விட்டாலும் ஈரத்துல கரைஞ்சு உதறல்ல வெளிய போயிரும்.

அளவு. "அஞ்சு சொட்டு"ன்னு எழுதியிருந்தா லேப், ராஜபாளையம் சைஸ் நாய்க்கு அது பத்துமான்னு கேளுங்க. பெரிய காதுக்கு ஒரு எம்எல் வரைக்கும் தேவைப்படலாம். சொட்டு எண்ணும்போது நாய் தலையை ஆட்டும், கணக்கு விட்டுப்போகும், அதனால சிரிஞ்சுல அளந்து விடுற மாதிரி டாக்டர்ட்ட எம்எல் கணக்கா கேட்டு வாங்குறதுதான் நல்லது. விட்டதும் திரும்ப அரை நிமிஷம் பிசையணும். முடிஞ்ச உடனே அதுக்குப் பிடிச்ச ஏதாவது குடுங்க, ஆனா உணவு சோதனை நடக்கும்போது எதைக் குடுக்கலாம்னு 9-ஐ பாத்துட்டு குடுங்க.

மருந்து ஆரம்பிச்ச ரெண்டு மூணு நாள்ல காது முன்னைவிட சிவந்து வலி கூடுனா அந்த மருந்தே ஒத்துக்கலைன்னு இருக்கலாம், நியோமைசின் கலந்ததுல இது தெரிஞ்ச விஷயம். கூப்பிட்டா திரும்பல, தள்ளாடுதுன்னா அப்பவே நிறுத்திட்டு கூட்டிட்டுப் போங்க.

8. நாத்தம் போச்சுன்னு நிறுத்தாதீங்க

நாலஞ்சு நாள்ல நாத்தம் போகும், சொறியிறதும் குறையும். ஏன்னா அந்த மருந்துல பெரும்பாலும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும், அது அரிப்பை முதல்ல அமுக்கிரும். மடக்குல கிருமி அப்படியேதான் இருக்கும். அப்ப பாட்டிலை ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டா, மிச்சம் இருக்கறது அந்த மருந்தைத் தாக்குப் பிடிச்சதுங்கதான், அடுத்த தடவை அதே மருந்து கேக்காது.

முதல் தடவைன்னா ரெண்டு வாரம், நாள்பட்டதுன்னா நாலு வாரமோ அதுக்கு மேலயோ ஆகலாம். முடிவு பண்ண வேண்டியது தேதி இல்ல, ரெண்டாவது தடவை எடுக்குற கண்ணாடிப் பரிசோதனை. மருந்து முடியுறதுக்கு முன்னாடியே போய் திரும்ப அழுக்கு எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, கிருமி இல்லைன்னு தெரிஞ்ச பிறகு நிறுத்துங்க. தேறிக்கிட்டு இருக்குற நாயை எதுக்கு செலவு பண்ணி கூட்டிட்டுப் போகணும்னு தோணும். இந்த ஒரு பயணத்தை விட்டவங்கதான் வருஷம் முழுக்க போய்க்கிட்டு இருக்காங்க.

9. அடியில இருக்குற காரணத்தைப் பிடிங்க

இது வரைக்கும் செஞ்சது தீயை அணைச்சது மட்டும்தான். வருஷத்துல ரெண்டு தடவைக்கு மேல வருதுன்னா இந்தப் பகுதிக்குத்தான் பொறுமை வேணும்.

உண்ணியும் பூச்சியும் முதல்ல, ஏன்னா அது லேசா தீர்ற காரணம். உண்ணி மாத்திரையை (அஃபாக்ஸோலனர்னா மாசாமாசம், ஃப்ளூரலனர்னா வழக்கமா மூணு மாசத்துக்கு ஒரு தடவை) டாக்டர் சொல்ற எடைக் கணக்குல குடுங்க, காதுப் பூச்சிக்கும் அது கேக்கும். வலிப்பு வர்ற நாய்னா முன்னாடியே சொல்லிருங்க. காதுப் பூச்சின்னு உறுதியானா வீட்ல இருக்குற எல்லா நாய்க்கும், பூனைக்கும் சேத்து பாக்கணும், பூனை சும்மா இருக்குன்னு விட்டா அதுட்ட இருந்து திரும்ப ஒட்டும். மாட்டுக்குப் போடுற ஐவர்மெக்டின் ஊசியை குத்துமதிப்பா நாய்க்குப் போடுறதை மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க, அளவு கூடுனா ஆபத்து, கோலி மாதிரி இனங்களுக்கு கொஞ்சமே உயிரை எடுத்துரும்.

அடுத்தது சாப்பாடு. நாய்களுக்கு அதிகமா ஒத்துக்காததுல மாட்டுக்கறி, பால் ஐட்டம், கோழி, கோதுமை எல்லாம் வரும். நம்ம வீட்டு நாய் சாப்பிடுறதைப் பாருங்க, தயிர்சோறு, பால், கோழிக்கால், பிஸ்கட்டு, எல்லை தாண்டி வர்ற மாட்டுக்கறி மிச்சம். எல்லாமே அந்த லிஸ்ட்ல இருக்கு. ரத்தப் பரிசோதனைல உணவு அலர்ஜி கண்டுபிடிக்கலாம்னு யாராவது சொன்னா அதை நம்பி காசு போடாதீங்க, சோதனைச் சாப்பாடுதான் சரியான வழி.

முறை இது. இதுவரைக்கும் அது சாப்பிட்டே இராத ஒரு புரதம், கூட ஒரு மாவுப்பொருள், இல்லைன்னா அலர்ஜி நாய்க்குன்னே புரதத்தை சின்னச் சின்னதா உடைச்சு செய்ற ஹைட்ரோலைஸ்டு சாப்பாடு. குறைஞ்சது 8 வாரம் அது மட்டும். கோழிக்குப் பதிலா காடை குடுக்குறேன்னு வராதீங்க, ரெண்டும் ஒரே பறவைச் சொந்தம். நம்ம பக்கம் சாளை, அயிலை மீனோ பன்னிக்கறியோ அது முன்ன சாப்பிடாததா இருந்தா முள்ளு, எலும்பு எடுத்து நல்லா வேகவச்சு, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேக்காம சோத்தோட குடுக்கலாம். குட்டிக்கும் சினை நாய்க்கும் இப்படி வீட்டுச் சாப்பாடு மட்டும் குடுத்து சோதிக்காதீங்க, சத்து பத்தாது. பெரிய நாய்க்கும் டாக்டர்ட்ட சொல்லிட்டுத்தான்.

இந்த 8 வாரம் கெட்டுப்போறது சமையல்ல இல்ல, வீட்டு ஆட்கள் கையில. ஆச்சி ஒரு துண்டு பிஸ்கட்டு போடுவாங்க, பால்காரர் ஊத்துவார், பேரப்புள்ள தட்டுல மிஞ்சுனதை தள்ளிவிடும். ஒரு துண்டுதானேன்னு நினைக்காதீங்க, அந்த ஒரு துண்டு போதும் திரும்ப அரிப்பைக் கிளப்ப, அப்புறம் கணக்கு முதல்ல இருந்து. ருசி சேத்த பூச்சி மாத்திரைகூட ஆகாது. வாசல்ல எழுதி ஒட்டினாலும் பரவாயில்ல, எல்லாருக்கும் சொல்லி வைங்க.

தேறுச்சுன்னா பழைய சாப்பாட்டை ஒவ்வொண்ணா திரும்ப குடுத்துப் பாக்கணும், ரெண்டு வாரத்துக்குள்ள அரிப்பு வந்தா அதுதான் ஆள். இதைச் செய்ய நிறையபேருக்கு மனசு வராது. ஆனா செய்யலைன்னா எது ஆகாதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது, சும்மா எல்லாத்தையும் ஒதுக்கிக்கிட்டே இருப்பீங்க.

8 வாரம் சுத்தமா இருந்தும் மாற்றம் இல்லைன்னா தூசிப் பூச்சி, மகரந்தம் மாதிரி காத்துல வர்றதுக்கான அலர்ஜின்னு டாக்டர் யோசிப்பார். அதுக்கு ஆயுசுக்கும் பராமரிப்புதான், அரிப்பை அடக்குற ஒக்லாசிடினிப் மாதிரி மாத்திரை, குளியல், காது கழுவல்னு. நடுத்தர வயசு தாண்டுன நாய், எடை போடுது, முடி கொட்டுது, சோர்ந்து கிடக்குன்னா தைராய்டு பாக்கச் சொல்லுங்க.

10. சாரல் சீசனுக்கு

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நம்ம காத்துலயே ஈரம். தொங்குற காது உள்ள லேப், காக்கர் ஸ்பானியலுக்கு காத்தோட்டமே இருக்காது. அருவித் தண்ணி, ஆத்துத் தண்ணில இறக்குறதை காது நோய் நாள்பட்ட நாய்க்கு நிறுத்திருங்க. குளிப்பாட்டும்போது தலைக்கு ஊத்தாதீங்க, ஈரத்துணியால துடைச்சாப் போதும். நனைஞ்சு வந்தா மடலை உள்பக்கமும் துடைச்சு, கொஞ்ச நேரம் மடலை தலைக்கு மேல மடிச்சு விட்டு காய விடுங்க. ஹேர் டிரையர் சூட்டுல வேண்டாம். காது நல்லா இருக்குற நாய்க்கு உள்முடியை வழக்கமா புடுங்காதீங்க, புடுங்குன இடம் புண்ணாகும்.

வாரம் ஒரு நாள் மோந்து பாருங்க. அந்தப் புளிச்ச வாடை லேசா வந்த அன்னைக்கே போனா சின்ன வைத்தியத்துல முடியும்.

11. ஆபரேஷன்னு சொன்னா

வருஷக்கணக்கா வீங்கி வீங்கி குழாய் சுவர் தடிச்சு, எலும்பு மாதிரி இறுகிப் போச்சுன்னா எந்த மருந்தும் இறங்காது. அப்ப காதுக் குழாயையே முழுசா எடுக்குற ஆபரேஷன் சொல்லுவாங்க. மடல் அப்படியே இருக்கும். பெரிய ஆபரேஷன்தான், முக நரம்பு பக்கத்துலயே போறதால அனுபவம் உள்ள சர்ஜன்ட்ட மட்டும் செய்யணும், செய்றதுக்கு முன்னாடி ஸ்கேனோ எக்ஸ்ரேயோ எடுத்து நடுக்காதைப் பாத்திருக்காங்களான்னு கேளுங்க. அந்தப் பக்கம் கேக்குற சக்தி பெரும்பாலும் போயிரும், ஆனா அந்த நிலையில ஏற்கனவே பெருசா கேட்டுக்கிட்டும் இருக்காது. அலர்ஜி இருந்தா அதுக்கான வைத்தியம் ஆபரேஷனுக்கு அப்புறமும் தொடரணும், இல்லைன்னா இன்னொரு காதும் அதே வழியில போகும்.